குரலுக்கேற்ற கருவி

மதுரையின் தென்பகுதியான அவனியாபுரத்தில் தைத்திங்கள் முதல்நாள் ஏறுதழுவுதல் நடைபெறுகிறது. வாடிவாசலுக்கு அருகே கூட்டத்தில் நிற்கும் ஒருவர், சிங்கப்பூரில் பணிபுரியும் தம் தம்பிக்குக் காளைகள் சீறி வருவதைக் காணொலி அழைப்பில் காட்ட முனைகிறார் என்று கொள்வோம். படம் உறைந்து நிற்கக்கூடும். குரலும் அறுந்து அறுந்து ஒலிக்கக்கூடும். கையிலிருப்பது நாற்பதாயிரம் ரூபாய்க் கருவியாயினும் இதற்கு விலக்கில்லை. மறுநாள் வீட்டு முற்றத்திலிருந்து பேசினால் பத்தாயிரம் ரூபாய்க் கருவியிலும் குரல் தெளிவாகக் கேட்கும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை ஆயிரக்கணக்கானோர் பங்கிட்டுக்கொண்டதே முதல்நாள் தடைக்குக் காரணம். இத்தகைய வலையமைப்புக் குறையை எவ்வளவு விலை கொடுத்தும் கடையில் தீர்த்துக்கொள்ள இயலாது. கருவியால் தீரும் குறைகள் வேறு. அவற்றை அறிந்து தேர்வதே நம் பணி. வீட்டில் கைப்பேசி வாங்கும்போது கருத்துக் கேட்கப்படுபவர் பெரும்பாலும் மேல்நிலை வகுப்பில் பயிலும் பிள்ளை என்பதால் இப்பொறுப்பு உங்களுடையதுமாகும்.

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995 ஜூலை 31 அன்று தொடங்கியது. பொதுமக்களுக்கான இணையச் சேவை அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் அறிமுகமானது. எனினும், இணையத்தின் வழியே குரலை அனுப்பிப் பேசுவதற்கு 2002 ஏப்ரலில்தான் இசைவு கிடைத்தது. அதற்கு முன், அயல்நாட்டிலுள்ள உறவினரோடு பேசுவோர் தொலைபேசிக் கடையின் கட்டணக் காட்டியில் ஒரு கண் வைத்தே பேசினர். நலம் கேட்டு முடிப்பதற்குள் கைப்பணம் கரைந்துவிடும்.

குரலின் பயணம்

வழக்கமான எண்முறைத் தொலைபேசி, குரலை நொடிக்கு 8000 முறை அளந்து 64 கிலோபிட் தரவாக அனுப்புகிறது. இணையவழிச் செயலிகள் அதனை மேலும் சுருக்கி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒன்றாகச் சிறு பொதிகளாக்கி விடுக்கின்றன. 2012இல் தரப்படுத்தப்பட்ட ‘ஓபஸ்’ என்னும் குறிமுறை, நொடிக்கு 6 கிலோபிட் அளவிலேயே பேச்சைக் கொண்டு செல்ல வல்லது. ஆகவே, குரலுக்கு மிகுந்த வேகம் தேவையில்லை. பொதிகள் தடையின்றியும் காலந்தாழாமலும் சென்று சேர்ந்தால் போதும். ஒருவர் பேசியது மற்றவர் செவியை அடைய 150 மில்லிநொடிக்கு மிகாதிருந்தால் உரையாடல் இயல்பாக அமையும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல். தாமதம் மிகுந்தால் இருவரும் ஒருசேரப் பேசத் தொடங்குவர், ஒருசேர நிறுத்துவர்.

தேர்வுக்கு உரியவை

கடைக்காரர் முதலில் புகழ்வது ஒளிப்படக் கருவியை. நாம் முதலில் கேட்க வேண்டியது அலைவரிசையை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவர்களைக் கடந்து வீட்டின் உள்ளறைவரை எட்டுகின்றன. 2300, 3300 ஆகியவற்றில் அத்திறன் குறைவு. எனவே, நம் சேவை நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளைக் கருவி ஏற்குமா என்று பெட்டியின்மேல் உள்ள குறிப்பைப் பார்த்தல் வேண்டும்.

அவனியாபுரத்தை அடுத்து மதுரை வானூர்தி நிலையம் இருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வருவோர் அன்போடு கொண்டுவரும் கைப்பேசிகளில் இவ்வாய்வு இன்றியமையாதது. ஐக்கிய அரபு அமீரகத்தில் விற்பனையான ஐபோன்கள் பலவற்றில் ‘ஃபேஸ்டைம்’ செயலி இல்லாமலிருந்தது. அந்நாட்டில் ‘வாட்ஸ்அப்’ வழி உரையாடலுக்கும் நெடுங்காலம் தடை இருந்து வந்துள்ளது. உரிமம் பெற்ற ‘போட்டிம்’ போன்ற செயலிகளையே அங்குள்ளோர் நாடினர். ஆதலால், கருவியைத் தேர்வதற்கு முன் மறுமுனையில் இருப்பவரிடம், அங்கு எச்செயலி இயங்குகிறது என்று கேட்டறிவது நலம்.

ஒலிவாங்கியின் தரத்தை விளம்பரத்தாளில் காண முடியாது. கடையில் நின்றபடியே வீட்டுக்கு ஓர் அழைப்பு விடுத்து, தெருவின் இரைச்சலுக்கிடையே நம் குரல் எவ்வாறு கேட்கிறது என்று வினவலாம். மூன்று ஒளிப்படக் கண்கள் கொண்ட கருவியைப் பாட்டிக்கு வாங்கித் தந்துவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கித் தர மறப்பவர் நம்மில் பலர்!

மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் கேட்டல் வேண்டும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்தைய பதிப்புகளில் ‘வாட்ஸ்அப்’ ஆதரவு நிறுத்தப்பட்டது. திரை ஒளிர்ந்தது; பொத்தான்களும் இயங்கின; ஆயினும், கடல் கடந்து உழைக்கும் மகனின் குரல் அச்செயலி வழியாகத் தாயை வந்தடையும் வாயில் அடைபட்டது. சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் பழைய பதிப்புடைய கருவியை வாங்குவது இதனாற்றான் நட்டமாகிறது.

நெருக்கடியில் இச்செயலிகளை நம்பியிருத்தல் ஆகாது. 112 என்னும் அவசர உதவி எண்ணை வழக்கமான அழைப்பு வழியாகவே அழைத்தல் வேண்டும். 2016இல் வந்த ஜியோ போல நான்காம் தலைமுறையில் சேவை தொடங்கிய வலையமைப்பில், அவ்வழக்கமான அழைப்புக்கும் ‘வோல்ட்டி’ வசதி தேவை.

பிறர் பயன்படுத்திய கைப்பேசியாயின் *#06# என அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்க. கே.ஒய்.எம். என்னும் ஆங்கில எழுத்துகளை அடுத்து இடைவெளி விட்டு அவ்வெண்ணை எழுதி 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அதன் நிலை தெரியவரும். முடக்கப்பட்டது என்றோ வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது என்றோ விடை வருமாயின், விலை எவ்வளவு குறைவாயினும் பணத்தைக் கொடாமல் திரும்பிவிடுக.