நம் எண்ணும் நம் முகவரியும்

கிராமத்துக்குள் முன்பின் அறியாத ஒருவர் வந்து, "இன்னார் வீடு எது?" என்று கேட்டால், திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் உடனே கையை நீட்டிக் காட்டிவிடுவதில்லை. "தாங்கள் எந்த ஊர்? அவரிடம் என்ன காரியம்?" என்று முதலில் விசாரிப்பார். விடை திருப்தியாக இருந்தால் சிறுவன் ஒருவனைத் துணைக்கு அனுப்பி வழி காட்டுவார். இல்லையெனில், "சற்று இங்கேயே உட்காருங்கள், அவரையே அழைத்து வரச் சொல்கிறேன்" என்பார். இம்முறையில் வந்தவருக்கு அவமரியாதை இல்லை. வீட்டுக்காரருக்கும் தீங்கு இல்லை. இது எந்தச் சட்டமும் கற்பிக்காமலேயே நம் முன்னோர் கைக்கொண்ட நல்வழக்கமாகும்.

இன்று அந்தத் திண்ணையின் இடத்தைக் கைபேசிக் குழுக்கள் பெற்றுவிட்டன. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர் விடும் நேரம், குப்பை வண்டி வரும் நாள், கிராம சபைக் கூட்டம், ஏரி மதகு திறப்பு ஆகிய யாவும் வாட்ஸப் குழுக்கள் வாயிலாகவே பெரும்பாலும் தெரிவிக்கப்படுகின்றன. இவ்வசதியை நாம் வரவேற்கிறோம். ஆயினும், குழுவில் ஒருவர் தோன்றி, "எல்லோரும் உங்கள் பெயர், எண், முகவரி ஆகியவற்றை இங்கே பதியுங்கள்" என்று கேட்டால், திண்ணைப் பெரியவர் கேட்ட கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதுவேயாகும்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை இவ்வட்டாரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். 1-ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மக்கள் மாடிகளில் ஏறி நின்றனர். படகுகள் தெருக்களில் சென்றன.

அந்நாட்களில் பல உயிர்களைக் காக்கத் துணை நின்றது முகவரிப் பட்டியல். எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை பேர், முதியவர் உண்டா, குழந்தை உண்டா, எந்த எண்ணில் பேசலாம் என்ற விவரங்களை மக்கள் தாமாகவே கொடுத்தனர். தொண்டர்கள் அவற்றைத் தொகுத்து, இணையத்திலும் கைபேசியிலும் ஊரெங்கும் பரப்பினர். கேட்டவர் யாரென்று விசாரிக்க அப்பொழுது நேரமில்லை. விசாரிக்காமல் கொடுத்ததும் தவறில்லை.

ஆனால் தண்ணீர் வடிந்தபின் அந்த விவரங்கள் என்ன ஆகும் என்பதைச் சிந்திக்க வேண்டும். "இந்த வீட்டில் முதியவர் இருவர் இருக்கின்றனர், அவர்கள் எண் இது" என்ற செய்தி வெள்ள நாளில் படகை அழைத்து வந்தது. அதே செய்தி ஆறு மாதம் கழித்தும் அறியாதவர் கைபேசியில் கிடந்தால், "இந்த வீட்டில் முதியவர் இருவர் தனியே வசிக்கின்றனர்" என்ற அறிவிப்பாகிவிடுகிறது. சொற்கள் மாறவில்லை, நோக்கம் முடிந்துவிட்டது. நோக்கம் முடிந்தபின் எஞ்சி நிற்கும் விவரமே ஆபத்துக்கு வித்தாகும்.

குழுவின் இயல்பு

சாதாரண வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தவர் எவரும் மற்ற அங்கத்தினர் அனைவரின் எண்களையும் காண இயலும். அழைப்பு இணைப்பு ஒன்று வெளியே போய்விட்டால், அது கிடைத்தவர் எவரும், பொறுப்பாளரின் அனுமதி தேவை என்ற கட்டுப்பாடு இல்லாத குழுவில், தாமே நுழைந்துவிடலாம். பின்னர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும், அவர் குறித்துக்கொண்ட எண்களைத் திரும்பப் பெற முடியாது. களத்துமேட்டில் கொட்டிய நெல்லைக் கூட்டி அள்ளலாம். காற்றில் பறந்த பதரை அள்ள இயலுமா?

வெறும் எண்ணால் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் வினவலாம். ஓர் உதாரணம் காண்போம். மணிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இவ்வாறு ஓர் அழைப்பு வருவதாகக் கொள்வோம்.

"ஐயா, வணக்கம். விவசாய ஆபீசிலிருந்து பேசுகிறேன். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் தவணைப் பணம் நின்றுபோயிருக்கிறது."

"ஆமாம் தம்பி, இன்னும் வரவில்லை."

"கவலைப்படாதீர்கள் ஐயா. உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைச் சொல்லுங்கள், இன்றைக்கே பணம் ஏறிவிடும்."

அழைத்தவருக்குப் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, பயிரும் தெரிகிறது. ஆகவே இவர் அலுவலர்தாம் என்று விவசாயி நம்புகிறார். ஆனால் அவை யாவும் குழுவில் முன்பே பதியப்பட்டவையே. நம்மைப் பற்றி அறிந்தவரெல்லாம் நமக்கு வேண்டியவர் என்று எண்ணுவதிலேதான் ஏமாற்று வேலை தொடங்குகிறது. ஆறு இலக்க எண் என்பது பெட்டியின் சாவி. பெயரும் ஊரும் பயிரும் அப்பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புகள். அரசுத் திட்டத்தின் பெயரால் செயலி ஒன்றை அனுப்பி, அதை நிறுவியவரின் கைபேசிச் செய்திகளைக் களவாக வாசிப்பதும் இவ்வகைச் சூழ்ச்சியே.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. குழுவிலிருந்து எண்ணை எடுத்து, மகளிர் சுயஉதவிக் குழு அங்கத்தினர் ஒருவரை அகால வேளையில் அறியாதவர் அழைத்தால், அவர் அடுத்த நாளே குழுவைவிட்டு விலகிவிடுவார். பின்னர் கடன் முகாம், மருத்துவ முகாம் பற்றிய செய்தி அவருக்கு எட்டுவதில்லை. இவ்வாறு ஒருவருடைய ஒழுங்கீனத்தால் பெண்கள் பொதுக் காரியங்களிலிருந்து ஒதுங்கும் நிலை ஏற்படுகிறது.

2020-இல் நிகழ்ந்தது

நம் மாநிலத்து விவசாயிகள் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில், தகுதியற்றோர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர் சேர்க்கப்பட்டிருந்தனர். 110 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்ததாக அரசு அறிவித்தது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் இது மிகுதியாகக் காணப்பட்டது. சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரணை மேற்கொண்டனர்.

இதில் இடைத்தரகர்கள் ஊர் ஊராகச் சென்று ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேகரித்தனர். அலுவலர்களின் கடவுச்சொற்களும் தவறாகப் பயன்படுத்தப்பட்டன. கொரோனா நிவாரணம் வருகிறது என்று எண்ணி விவரங்களைக் கொடுத்த ஏழை மக்களும் இருந்தனர். பின்னர் அவர்கள் கணக்கிலிருந்து அத்தொகை திரும்ப எடுக்கப்பட்டது. "எதற்கு?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, அதன் விடையை வேளாண்மை அலுவலகத்தில் சரிபார்த்திருந்தால், இவர்களில் பலர் இன்னலுக்கு ஆளாகாமல் தப்பியிருப்பர்.

சட்டம் கூறுவது

2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கத்துக்கான உரிமை அரசியலமைப்புச் சட்டம் வழங்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவ்வுரிமை நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஏர் பிடிப்பவருக்கும் நூறு வீட்டுக் குக்கிராமத்தாருக்கும் உரியது.

2023-இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. சட்டத்தின் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் காலம் வகுக்கப்பட்டுள்ளது. ஒருவரது சம்மதத்தின் பேரில் விவரம் பெறுவோர், எந்நோக்கத்துக்காகப் பெறுகின்றனர் என்பதை முன்னரே தெளிவாகக் கூற வேண்டும்; அந்நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே பெற வேண்டும்; கொடுத்தவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் கூடும் என்பன இச்சட்டத்தின் சாரமாகும். ஆழ்ந்து நோக்கின், திண்ணைப் பெரியவரின் வழக்கத்துக்கும் இச்சட்டத்துக்கும் வேறுபாடு அதிகமில்லை.

பஞ்சாயத்துகள் செய்யத் தக்கவை

இனி, நம் பஞ்சாயத்துகளும் விவசாயிகளும் பெரும் செலவின்றிச் செய்யக்கூடியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பஞ்சாயத்துக் குழுவில் புதியவரைச் சேர்க்கப் பொறுப்பாளரின் அனுமதி கட்டாயம் என்று அமைத்தல் வேண்டும். பொறுப்பாளர் இருவராவது இருப்பது நலம். குழுவின் அழைப்பு இணைப்பைப் பொது இடங்களில் ஒட்டலாகாது. அறிவிப்புக்கு மட்டுமே உரிய குழுவாயின், பொறுப்பாளர்கள் மட்டும் செய்தி இடும்படி செய்துவிடலாம்.

இரண்டாவது, ஒருவர் மற்றொருவரின் எண்ணைக் கேட்டால் அதைக் கொடுத்துவிடாமல், கேட்டவரின் எண்ணைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். அவர் விரும்பினால் தாமே அழைத்துப் பேசுவார். நிலத் தரகர் வயல் உரிமையாளரின் எண்ணைக் கேட்டாலும், தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு வேறெவர் கேட்டாலும் இதுவே முறை. தென்சென்னைப் புறநகரில் வயல்கள் மனைகளாக மாறிவரும் இக்காலத்தில் இப்பழக்கம் பெரிதும் உதவும்.

மூன்றாவது, திட்டப் பயனாளிகளின் பட்டியலை ஊரறிய வைப்பது பஞ்சாயத்தின் கடமை. பெயரும் பெற்ற தொகையும் மக்கள் அறிய வேண்டியவையே. அவற்றை மறைத்தால் முறைகேட்டுக்கு இடமுண்டாகும். ஆனால் அப்பட்டியலோடு கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பலகையில் ஒட்டுவதற்கும் குழுவில் இடுவதற்கும் யாதொரு தேவையும் இல்லை.

நான்காவது, ஆதார் நகல் கொடுக்கும்போது, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுக்கலாம். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரும் உண்டு. அது போதுமான இடங்களில் அதையே கொடுப்பது நன்று.

ஐந்தாவது, மழைக்காலத்துக்கு முன்பே, தாழ்வான தெருக்களில் வசிக்கும் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோரின் விவரத்தைப் பதிவேடு ஒன்றில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். அது யார் பொறுப்பில் இருக்கிறது, எதற்காக, எதுவரை என்பதை அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து போகி வரும்போது, பழையதைக் கழிக்கும் நம் வழக்கப்படி அவ்வாண்டுப் பட்டியலைக் கிழித்தெறிந்து, கைபேசிகளிலிருந்தும் நீக்கிவிடலாம். அடுத்த ஆண்டு புதிதாக எழுதினால் விவரமும் சரியாக இருக்கும்.

தவறு நேர்ந்துவிட்டால்

எவ்வளவு எச்சரிக்கையாக இருப்பினும் சில சமயம் ஏமாற நேரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்து வைப்பதே கேடு. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். விரைவில் தெரிவித்தால், பணம் கைமாறிச் செல்லும் வழியிலேயே அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் உடனே தெரிவித்துக் கணக்கை முடக்கச் செய்ய வேண்டும். தாம்பரத்துக்கென 2022 முதல் தனிப் போலீஸ் ஆணையரகம் இயங்கி வருகிறது. அதன் எல்லையில் உள்ளவர்கள் அங்கும் முறையிடலாம். நமக்குப் பணம் வரவேண்டுமாயின் ரகசிய எண் எதையும் அழுத்தத் தேவையில்லை என்பதையும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

எவருக்கும் எதையும் சொல்லாதீர் என்பது நம் கருத்தன்று. அவ்வாறாயின் 2015-இல் படகுகள் எந்த வீட்டுக்குச் சென்றிருக்கும்? ஆபத்தில் அயலாரை நம்பி முகவரி கொடுத்த மனப்பான்மை இவ்வட்டாரத்தின் செல்வமாகும். கொடுத்த எண்ணைக் கண்டவரெல்லாம் எடுத்துத் தொல்லை கொடுத்தால், அடுத்த வெள்ளத்தில் கேட்கும்போது மக்கள் தயங்குவர். அத்தயக்கத்தின் விலை ஓர் உயிராகவும் இருக்கக்கூடும். அந்நம்பிக்கையைக் கட்டிக் காக்கவே நாம் எச்சரிக்கையைக் கூறுகிறோம்.

ஆகவே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் எடுத்துரைப்பார்களாக. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்ற மூன்று கேள்விகளையும் அலுவலகச் சுவரில் எழுதி வைப்பார்களாக. திண்ணைகள் குறைந்துவிட்டன; திண்ணைப் பெரியவரின் விவேகம் நம்மோடு நிலைத்திருக்கட்டும்.