புனே குளிருக்கு ஏற்ற கோரி கெளுத்தி

புனேயின் கோர்படியில் இருந்துகொண்டு கோரி கெளுத்தி வளர்க்க ஆசைப்படுகிறவர், கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: எந்த ஆற்று மீன்? கடையில் எல்லாமே 'கோரி'தான். ஆனால் அவற்றின் தாயகமான தென் அமெரிக்கா பெரிய கண்டம். ஸ்டெர்பாய் கோரி பிரேசில், பொலிவியா எல்லையில் குவாப்போரே ஆற்றின் சூடான நீரில் வாழ்வது. சென்னை வீட்டுக்குப் பொருந்தும். சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள் கொண்ட பெப்பர் கோரியோ தெற்கே பரானா, உருகுவே ஆறுகளைச் சேர்ந்தது. அங்கே குளிர்காலம் உண்டு. பீகிள் பயணத்தில் டார்வின் சேகரித்து வந்ததை ஜெனின்ஸ் 1842-இல் விவரித்த இனம் இது. 18 முதல் 24 டிகிரி வரை இதற்கு சுகம். புனேயின் ஜனவரியில் வீட்டுக்குள் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது.

தொட்டி உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம். இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம் இருந்தால் ஆறு மீன்கள் விடலாம். ஆறுக்குக் குறைத்து வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் மீன் தனியே விட்டால் மூலையில் பதுங்கிக்கொள்ளும்.

அடுத்தது மணல். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். கோரி தரையில் முகம் புதைத்து, மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக வெளியேற்றித்தான் இரை தேடுகிறது. கூர்மையான கல் மீசையை அரிக்கும். தேய்ந்த இடத்தில் அழுக்கும் சேர்ந்தால் புண் வைத்துவிடும். கட்டடத்துக்கு வாங்கும் எம்-சாண்ட் கூராக இருக்கும், கூடாது. உருண்டையான நுண்மணலைக் கழுவுங்கள், கலங்கல் தெளியும்வரை. ஒரு கைப்பிடியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். ஓரங்குல உயரம் போதும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சேர்த்த பிறகே ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரைவிடக் குழாய்த் தண்ணீரே மேல். தக்காணப் பாறைக்குள் ஊறி வரும் நீர் கடினமாக இருக்கும். ஸ்பான்ஜ் ஃபில்டரை ஓடவிட்டு, கொஞ்சம் உணவு போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் விடாதீர்கள். இதற்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

தொட்டியை விளிம்புவரை நிரப்ப வேண்டாம். கோரி திடீரென மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக் கீழே போகும். அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது குடல். கலங்கிய, காற்றுக் குறைந்த ஓடைகளில் பிழைப்பதற்கான ஏற்பாடு அது. எப்போதாவது என்றால் இயல்பு. நிமிடத்துக்கு நாலைந்து முறை என்றால் தண்ணீரைச் சோதியுங்கள். மீனைப் பிடிக்கும்போது வலை வேண்டாம். விறைத்து நிற்கும் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொள்ளும். குவளையால் மொண்டு எடுப்பதே நல்லது.

உண்மையான சோதனை வெயில் ஏறும் ஏப்ரல், மே மாதங்களில். நீர்ப்பரப்பில் படும்படி சின்ன மேசை விசிறி வையுங்கள். புனேயின் வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகும், இரண்டு மூன்று டிகிரி குறையும். குறையும் நீரைத் தினமும் ஈடுகட்டுங்கள்.

கோரி தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்கிவிட்டுப் பட்டினி போடுகிறவர்கள் உண்டு, அது கொடுமை. மூழ்கும் பெல்லட்டை விளக்கணைத்த பிறகு போடுங்கள். 'டேங்க் கிளீனர்' என்று கடையில் கொடுக்கும் குட்டி சக்கர் மீனைச் சேர்த்து வாங்காதீர்கள். ஒன்றரை அடிக்கு மேல் வளரும் அது, ஆற்றில் விட்டவர்களால் கேரளக் கால்வாய்களிலும் கொல்கத்தா நீர்நிலைகளிலும் பெருகிவிட்டது. எந்த மீனையும் முளா-முட்டா ஆற்றில் விடக் கூடாது.

கோரியை முட்டையிடத் தூண்ட, ஜூனில் முதல் மழை இறங்கும்போது பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய சற்றுக் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். நன்றாகத் தின்று வளர்ந்த மீன்கள் என்றால் பெண், வயிற்றுத் துடுப்புகளைக் கிண்ணம்போல் குவித்து முட்டைகளைச் சுமந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டும். பெரிய மீன்கள் தின்றுவிடும் என்பதால் விரலால் மெல்ல உருட்டி எடுத்து, காற்றுக் குமிழி ஓடும் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். வெள்ளை பூத்த முட்டையை உடனே எடுத்துவிடுங்கள். நாலைந்து நாளில் குஞ்சு பொரிக்கும். மஞ்சள்கரு தீரும்வரை தீனி வேண்டாம், பிறகு அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா கொடுங்கள்.