மலிவான கைக்கருவிகள்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் 2015 இன் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்ற விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிணறு துப்புரவாக்கியதும் அடுத்த தேவை நீர் இறைக்கும் இயந்திரம்தான். யாரோ கொடுத்த பழைய இயந்திரம், கடனுக்கு வாங்கிய இயந்திரம், பத்து வருடம் முகாம் மூலையில் கிடந்த இயந்திரம் என்று பலதும் வந்து சேர்ந்தன. இவற்றைத் திருத்துவதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? கராஜ் ஒன்றில் சில மாதங்கள் வேலை பழகிய ஓர் இளைஞர் முன்வந்தார். சங்கத்தில் கடன் எடுத்து, சந்தையில் ஒரு வியாபாரியிடம் பிளாஸ்ரிக் பெட்டியில் அடுக்கிய கருவித் தொகுதி ஒன்றை வாங்கினார்.

“பாதர், நூற்றெட்டுச் சாமான் இருக்கு. நல்ல மலிவு” என்று என்னிடம் திறந்து காட்டினார். எல்லாம் கண்ணாடிபோல மினுங்கின. நானும் நல்லது தம்பி என்றேன். அதற்கு மேல் எனக்கும் அன்று தெரியாது.

அவருடைய முதல் வேலை அயல்வீட்டு இயந்திரம். ஹொண்டா வகைச் சிறிய எஞ்சின். அதன் தலையை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். மூன்று கழன்றன. நான்காவது துருப்பிடித்திருந்தது. ஸ்பனரை வைத்து அழுத்தியபோது போல்ட் அசையவில்லை, ஸ்பனரின் வாய்தான் விரிந்தது. போல்ட்டின் ஆறு மூலைகளும் தேய்ந்து உருண்டுவிட்டன. பிறகு எந்த ஸ்பனரும் அதில் பிடிக்கவில்லை. இயந்திரத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், போல்ட்டின் தலையை வெட்டி, துளைத்து எடுத்து வருவதற்கு ஒரு கிழமைக்கு மேல் சென்றது. வெங்காயத்துக்கு நாலு நாளைக்கு ஒருமுறையாவது தண்ணீர் வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீட்டு அம்மா வாளியால் அள்ளி ஊற்றிக் காப்பாற்றியது பாதித் தோட்டம்தான்.

கராஜ் வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் அந்த ஸ்பனரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தச் சாமானாலை மெசினைத் தொட்டால் மெசினுக்குத்தான் வருத்தம் வரும்” என்றார். இந்தப் பாடத்தில் நான் எழுதுவதில் பெரும்பகுதி அவரிடம் கேட்டறிந்தது.

ஸ்பனர் ஏன் விரிகிறது? ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 12 மில்லிமீற்றர் நட்டின் நடுவிலிருந்து அதன் மூலைக்கு ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் தூரம். நாம் பிடித்து இழுக்கும் இடம் 15 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. ஆகவே கையால் 20 கிலோ அளவுக்கு இழுத்தால் நட்டின் மூலைகளில் 400 கிலோவுக்கு மேல் பலம் விழும். திறந்த வாய் ஸ்பனரில் இதை இரண்டு மூலைகள் மட்டுமே தாங்குகின்றன. ரிங் ஸ்பனரில் ஆறு மூலைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. இறுகிய நட்டைக் கழற்றும்போது முதலில் ரிங் ஸ்பனரைப் போட வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இந்தப் பலத்தைத் தாங்குவது உருக்கின் தன்மையும் அதற்குக் கொடுத்த தோய்ச்சலுமாகும். நம்மூர்க் கொல்லர் கோடாரியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பது போலவே ஸ்பனருக்கும் செய்கிறார்கள். கடினமாக்கிய பின், உடையாதிருக்க மறுபடியும் அளவாகச் சூடேற்றுகிறார்கள். மலிவுச் சாமானில் குறைவது பெரும்பாலும் இந்த வேலைதான். மேலே பூசும் குரோம் பூச்சு எல்லாவற்றையும் ஒரே மாதிரி மினுங்கச் செய்துவிடும். ‘குரோம் வனேடியம்’ என்று எழுத்துப் பொறித்திருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. எழுத்தை யாரும் பொறிக்கலாம்.

ஆகவே கடைக்குப் போகும்போது இரண்டு புதிய போல்ட்டுகளைச் சட்டைப் பையில் கொண்டுபோங்கள். ஒன்றின் தலை 10 மில்லிமீற்றர், மற்றதன் தலை 12. ஸ்பனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். இலேசாக நுழைய வேண்டும், ஆனால் இடமும் வலமும் ஆடக் கூடாது. அரை மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலே மூலை தேயத் தொடங்கும். வாயின் உட்புறம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய ஸ்பனர் வாங்குவதானால், கடைக்காரர் சம்மதித்தால், கைப்பிடியின் ஓரத்தில் அரத்தை ஒருமுறை ஓட்டலாம். அரம் தடையோடு கஷ்டப்பட்டு வெட்டினால் நல்லது. வெறும் இரும்பில் ஓடுவது போல இலகுவாக வெட்டினால் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அளவுகளுக்கு வருவோம். பணம் வீணாவது இங்கேதான் அதிகம். நூற்றெட்டுச் சாமானில் நமக்குத் தேவையானவை பத்துக்கூட இல்லை. யப்பான் இயந்திரங்களிலும் அவற்றைப் பார்த்துச் செய்த சீன இயந்திரங்களிலும் பெரும்பாலான நட்டுகள் 10, 12, 14, 17 மில்லிமீற்றர். இந்திய இயந்திரங்களில் 10, 13, 17, 19 அதிகம். இந்த ஆறு அளவுகளில் ஒரு பக்கம் திறந்த வாயும் மறுபக்கம் ரிங்கும் உள்ள ஸ்பனர்களை நல்லதாக வாங்கினால், நீர் இறைக்கும் இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் மிகுதியான வேலைகளைச் செய்யலாம்.

பழைய மசி பெர்குசன் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் அதற்குப் போகும், ஆனால் ஆடும். முக்கால் அங்குலத்துக்கு 19 ஏறக்குறைய சரி. 9/16 அங்குலத்துக்கு 14 நுழையாது, 15 வழுக்கும். இதற்கு அங்குல ஸ்பனரே வேண்டும்.

ஸ்குறூ டிறைவர் விடயத்திலும் இப்படியொரு சங்கதி உண்டு. யப்பான் இயந்திரங்களின் நட்சத்திரத் தலைத் திருகாணிகளின் வெட்டு சற்று வேறுபட்டது. கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திர டிறைவர் அடிவரை இறங்காமல் மேலெழும்பி வழுக்கும். அதன் நுனியை மிகச் சிறிதளவு அராவினால் நன்றாக அமரும். அமர்ந்த பின்னும் கழலாவிட்டால், டிறைவரை நேராக வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள்.

“முதலில் மலிவாக வாங்கு, உடைவதை மட்டும் பிறகு நல்லதாக வாங்கு” என்று சிலர் சொல்வார்கள். பட்டணத்து கராஜில் இது சரியான ஆலோசனைதான். அங்கே ஸ்பனர் உடைந்தால் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கலாம். நம் நிலைமை வேறு. பக்கத்தில் கடை இல்லை, கையில் மாற்று இல்லை, கெடுவது பிறருடைய இயந்திரம். ஆகவே நான் இப்படிப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன்: கருவி பழுதானால் கருவி மட்டும் போகுமா, அல்லது இயந்திரமும் கையும் சேர்ந்து போகுமா?

எண்ணெய்க் குப்பி, கம்பித் தூரிகை, தட்டு, வாள் சட்டம் ஆகியவற்றை மலிவாகவே வாங்குங்கள் (வாள் அலகு மட்டும் நல்லதாக இருக்கட்டும்). கம்பி வளைக்கவும் பொருளைப் பிடிக்கவும் மலிவான குறடு போதும், அதை நட்டில் வைக்காமல் இருந்தால். சுத்தியலும் மலிவானது போதும், ஆனால் பிடியை நீங்களே நல்ல மரத்தில் போட்டு ஆப்பு அடித்துக்கொள்ளுங்கள். தலை கழன்று பறந்தால் கண் போகும். பிளக் ஸ்பனர் சாதாரணமானதே காணும். உளியையும் துளைப்பு ஊசியையும் கொல்லர் பழைய உருக்கில் அடித்துத் தருவார். ஸ்பனர், சொக்கற், ஸ்குறூ டிறைவர் ஆகிய மூன்றிலும் மாத்திரம் மிச்சம் பிடிக்க வேண்டாம். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பனரின் மலிவான வகையை வாங்கவே வேண்டாம். அதன் அசையும் தாடை ஆடும். நல்லது வைத்திருப்பவர்களும் பலம் அசையாத தாடையில் விழும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும்.

நல்ல சொக்கற் தொகுதி தனி ஒருவருக்குப் பாரமான செலவு. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, கொப்பியில் எழுதி இரவல் கொடுக்கலாம். ஒரு சொக்கற் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதை வாங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பின்பு பேசினால் சண்டைதான்.

அந்த இளைஞர் பெட்டியைத் தூக்கி எறியவில்லை. மெக்கானிக் ஐயா பழைய இரும்புக் கடையில் தெரிந்தெடுத்துக் கொடுத்த நான்கு ஸ்பனர்கள் இப்போது அவரிடம் உள்ளன, துருப்பிடித்தவைதான், மண்ணெண்ணெயில் ஊறவிட்டுத் தேய்த்து எடுத்தார். இறுகிய நட்டுக்கு அவை. ஏற்கெனவே தளர்ந்த நட்டைச் சுழற்றி எடுக்கப் பெட்டிச் சாமான். துருப்பிடித்த போல்ட் என்றால் முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு வைக்கிறார். கடனில் இன்னும் மூன்று தவணை இருக்கிறது. பாதித் தோட்டம் இழந்த அயல்வீட்டு அம்மாவின் இயந்திரத்துக்கு அவர் இன்றுவரை கூலி வாங்குவதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டிலுள்ள கருவிகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரு சாக்கில் பரப்பிப் பாருங்கள். உங்கள் ஊரிலுள்ள இயந்திரங்களின் நட்டு அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கும் நல்ல ஸ்பனர்கள் எந்தெந்த அளவு, எது ஒருவரிடமும் இல்லை என்று பார்த்த பின் கடைக்குப் போகலாம்.