981 வராத ஊசல்



தனி ஊசல் சோதனை செய்யாமல் நம்மில் யாரும் முதலாண்டைத் தாண்டியதில்லை. புவியீர்ப்பு முடுக்கம் 981 செ.மீ./வினாடி² வரணும் என்பது நூலைக் கட்டும் முன்பே நமக்குத் தெரியும். அதனால் வந்த விடையை விட்டுவிட்டு, வர வேண்டிய விடையை எழுதிவிடுகிறோம். நானும் எழுதினேன்.

50, 70, 90 செ.மீ. நீளங்களுக்கு எனக்கு வந்தது 940, 951, 957. பயந்துபோய் ஒரு சீனியரின் ரெக்கார்டை வாங்கி, அலைவு நேரங்களைத் திருத்தி 981 கொண்டுவந்துவிட்டேன். ஸார், "உன்னோட பழைய ரீடிங் எங்கேப்பா?" என்றார். அப்சர்வேஷன் நோட்டை நீட்டினேன். திட்டவில்லை. "நீளம் கூடக் கூட விடையும் ஏறிக்கிட்டே போகுதே, ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். கை தடுமாறி வரும் பிழை மேலேயும் போகும், கீழேயும் போகும். இப்படி ஒரே பக்கமாக ஏறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கணும். நான் கார்க்கிலிருந்து கொக்கி வரைதான் அளந்திருந்தேன். ஊசலின் நீளமோ குண்டின் மையம் வரை. கொக்கியும் குண்டின் ஆரமுமாக 2 செ.மீ. விட்டுப்போச்சு! 50-ல் 2 விட்டால் அடி பெரிது, 90-ல் சிறிது.

இனிதான் வேடிக்கை. அந்தத் தப்பான நீளங்களை வைத்தே சரியான விடை எடுக்கலாம். 50 செ.மீ.க்கு அலைவு நேரத்தின் வர்க்கம் 2.099, 90-க்கு 3.714. நீளத்தில் வித்தியாசம் 40, வர்க்கத்தில் 1.615. இரண்டு நீளத்திலும் அதே 2 செ.மீ. குறைவதால் கழிக்கும்போது அது ஓடிவிடுகிறது. 40-ஐ 1.615-ஆல் வகுத்து, 4 பை ஸ்கொயரால் (39.48) பெருக்கினால் 978. வரைபடம் போட்டால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், நீள அச்சை மைனஸ் 2-ல் வெட்டும். விட்டுப்போன 2 செ.மீ. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கிராஃப் போடுவது வெறும் மார்க்குக்கு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொன்று. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் இந்த மதிப்பு பூமத்திய ரேகையில் சுமார் 978.0, துருவத்தில் 983.2. சென்னையில் 978.3 அளவுதான். நாம் பொய் சொல்லிக் கொண்டுவரும் 981 நம்ம ஊர் எண்ணே இல்லை! (என் 978-ல் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு. 20 அலைவுக்கு 29 வினாடி ஆகும்போது 0.1 வினாடி தவறினாலே விடை 7 மாறிவிடும்.)

வீட்டு ஊஞ்சலில் பாருங்கள். பலகையில் தம்பி உட்கார்ந்தாலும் தாத்தா உட்கார்ந்தாலும் ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய அதே நேரம்தான். எடைக்கு அதில் பங்கில்லை. தம்பி எழுந்து நின்று ஆடினால் மட்டும் வேகமாகிவிடும். சங்கிலி அதேதான், ஆனால் அவன் உடம்பின் மையம் மேலே ஏறிவிட்டதே.

ரெக்கார்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, 940-லிருந்து எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, கிராஃபை ஒட்டினேன். ஸார் கையெழுத்துப் போட்டார். அடித்துத் திருத்தியதற்காக ஒரு மார்க் குறைத்தும் விட்டார்.

— இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு