சொந்தமும் குழுவும்: தம்பி மகளுக்கு

வீரசோழன் போன்ற ஊரில் தையல் மெஷின் போடும் பெண்ணுக்குப் பணத்துக்கு முன்னால் வேண்டியது தெரிந்த ஆட்கள். மானாவாரி பூமியில் கையில் காசு மழையைப் பொறுத்தே வரும். அதனால் கடனும் சரக்கும் முகம் பார்த்துத்தான் நடக்கின்றன. தெரிந்த ஆட்களில் சொந்தக்காரர் ஒரு வகை, பழக்கக்காரர் இன்னொரு வகை.

சொந்தம் முதல் நாளே துணியோடு வரும்; பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும். கூலி கேட்டால்தான் முகம் மாறும். பெரியக்காவின் பலகாரக் கடை வியாபாரம் படுத்து மூடவில்லை. கடன் நோட்டு நிரம்பி மூடியது. அந்த நோட்டில் வெளியாள் பெயர் ஒன்றுகூட இல்லை. (இதைச் சொன்னால் வீட்டில் சிலருக்கு இன்றைக்கும் கோபம் வரும்.)

பழக்கக்காரர் தருவது செய்தி. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே, புதுத் தகவல் சற்றுத் தள்ளி நிற்பவரிடமிருந்தே வருகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். அருப்புக்கோட்டையில் லைனிங் துணி எங்கே மலிவு என்பதைத் திருச்சுழி பஸ்ஸில் பழகியவர் சொல்லிவிடுவார்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது மகளிர் குழு. தமிழ்நாட்டில் இது 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை மற்ற வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. குழுவில் 12 முதல் 20 பேர். சேமிப்பு, உள்கடன், தீர்மான நோட்டு என ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கிக் கடனுக்கு வழி பிறக்கும். சொத்துப் பிணை வேண்டாம். ஒருவரையொருவர் அறிந்திருப்பதே பிணை. மதுரைப் பக்கத்து விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்தவர். பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. குழுவிலும் குறை உண்டு: ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் சுமக்க வேண்டும். ஆனாலும் அங்கே கடன் நோட்டை எல்லோரும் பார்க்கிறார்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஜாக்கெட் மாடல் வைப்பதும் நல்லதே. ஆனால் அதைப் பார்ப்பது முக்கால்வாசி அதே சொந்தம்தான்.

முடிவு தைக்கிறவளுடையது. வாரத் தவணைக் கடன்காரர் வாசலுக்கே வருவார். குழுக் கூட்டத்துக்கு அவள்தான் நடந்து போக வேண்டும். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும். கூலிப் பட்டியல் சுவரில் இருக்கட்டும். முதல் துணியாக அத்தையின் ஜாக்கெட்டுகள் நான்கு வரும். அவசரமே இல்லை, கோணலாகத் தைத்தாலும் அத்தை போட்டுக்கொள்வாள். அளவு ஜாக்கெட்டோடு கூலியும் ரொக்கமாக வந்துவிடும்.

அத்தை