எலும்புச் சட்டியும் வியாபார முதலும்



சாப்பாட்டுக் கடை திறக்க நினைக்கும் நம்மவர் பலர் முதலில் அச்சடிப்பது நீண்டதொரு விலைப்பட்டியலைத்தான். புரியாணி, கொத்து, ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ் என்று ஐம்பது அறுபது வகை. அத்தனைக்கும் சாமான் வாங்கிக் குளிர்பெட்டியில் அடைக்க வேண்டும். விற்காதது குப்பைக்குப் போகிறது. லாபம் போவது கல்லாப்பெட்டி வழியாக அல்ல, குப்பை வாளி வழியாகத்தான்.

இதற்கு நேர்மாறான கடையை வியட்நாமில் தெருவுக்குத் தெரு காணலாம். அங்கே விற்பது பெரும்பாலும் ஒரே சாப்பாடு. அதன் பெயர் ஃபோ. மாட்டெலும்பைப் பல மணித்தியாலம் கொதிக்க வைத்து, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், கறுவா, கராம்பு, அன்னாசிப்பூ சேர்த்த சூப் அது. அரிசி மாவில் செய்த தட்டையான நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் இட்டு, மெல்லியதாக வெட்டிய இறைச்சியை மேலே வைத்து, கொதிக்கும் சூப்பை ஊற்றித் தருவார்கள். பக்கத்தில் ஒரு தட்டில் பச்சிலைகள், முளைப்பயறு, தேசிக்காய், கொச்சிக்காய் இருக்கும். புளிப்பும் உறைப்பும் சாப்பிடுபவர் விருப்பம்.

இந்தச் சாப்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் உருவானது. உழவுக்கு மட்டும் மாடு வளர்த்த நாட்டில், பிரெஞ்சுக்காரர் இறைச்சிக்காக மாடு அறுக்கத் தொடங்கினர். மிஞ்சிய எலும்பை மலிவாக வாங்கிய தெரு வியாபாரிகள் அதைச் சூப்பாக்கினர் என்று சொல்லப்படுகிறது. 1954இல் நாடு இரண்டானபோது தெற்கே போன இலட்சக்கணக்கானோர் இதையும் சைகோனுக்குக் கொண்டு சென்றனர். 1975க்குப் பின் அகதிகளாக வெளியேறியவர்கள் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதே சட்டியை அடுப்பில் ஏற்றினர். வீடும் கடையும் போனவர்களுக்கு மிஞ்சிய முதல் கைத்தொழில் ஒன்றுதான். 2004 சுனாமியையும் 2006 மூதூர் இடப்பெயர்வையும் கண்ட எமது மாவட்டத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எமக்குள்ள பாடங்கள் மூன்று.

முதலாவது, சட்டி ஒன்று, விலை பல. சூப் ஒன்றுதான். இறைச்சித் துண்டு மாறும்போது விலையும் மாறுகிறது. அன்றாடச் சாமான் கொஞ்சம் என்பதால் கடனும் கொஞ்சம், கழிவும் கொஞ்சம்.

இரண்டாவது, மலிவான பொருளுக்கு மதிப்பு ஏற்றுவது. வியட்நாமியர் மேசையில் தவறாத மீன் சாறு, நெத்தலியையும் உப்பையும் மரப்பீப்பாயில் ஏறக்குறைய ஒரு வருடம் ஊற வைத்து எடுப்பது. ஃபூ குவோக் தீவின் மீன் சாற்றுக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு வழங்கியது. அதே நெத்தலியை நாம் கருவாடாக்கி மூட்டையில் விற்கின்றோம். எமது கருவாட்டுக்கு ஊர்ப்பெயரிட்ட பொதியாவது உண்டா?

மூன்றாவது, நம்பிக்கை. மாட்டிறைச்சி என்ற பெயர் மட்டும் ஒரு சாப்பாட்டை ஹலாலாக்கி விடாது. அறுத்த முறையையும், அதே அடுக்களையில் பன்றி இறைச்சி புழங்குகிறதா என்பதையும் கேட்டறிவது சாப்பிடுபவரின் கடமை. கேட்கும் முன்பே தெளிவுபடுத்துவது கடைக்காரரின் கடமை. சைகோனின் டோங் டு வீதியில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. ஹலால் சாப்பாட்டுக் கடைகள் அதன் அருகே அமைந்துள்ளன. தொழ வருபவரும் வெளிநாட்டுப் பயணியும் தேடி வருவது அந்த நம்பிக்கையைத்தான்.

இதைப் படித்துவிட்டு நாளையே திருகோணமலையில் ஃபோ கடை திறக்கும்படி நான் சொல்லவில்லை. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் உல்லாசப் பயணிகள் வரும் காலம் வருடத்தில் சில மாதங்கள்தான். அவர்களை மட்டும் நம்பிய கடை மாரியில் மூடப்படும். துறைமுகத் தொழிலாளியும் கடைத்தெரு வியாபாரியும் தினமும் வந்து உண்ணும் கடையே பன்னிரண்டு மாதமும் நிற்கும். அப்படிப்பட்டவர் தேடி வர, உங்கள் கையில் நன்றாக வரும் சாப்பாடு ஒன்று போதும்.

கடை வைத்திருப்பவர்கள் இன்றிரவே ஒரு கணக்கு எழுதிப் பாருங்கள். பட்டியலில் உள்ளவற்றில் கடந்த ஒரு மாதத்தில் உண்மையாக விற்றவை எத்தனை? மற்றவற்றுக்குப் போட்ட பணம் எங்கே?