வண்ணமும் வாய்மையும்

கொல்கத்தாவின் கிழக்கே அமைந்துள்ளது சால்ட் லேக். உவர்நீர்ச் சதுப்பாகக் கிடந்த இந்நிலம், ஹூக்ளி ஆற்றின் வண்டல் கொண்டு நிரப்பப்பட்டு நகரமாயிற்று. மேற்கு வங்க முதலமைச்சராக விளங்கிய பிதான் சந்திர ராயின் நினைவாக, இது பிதான் நகர் எனவும் வழங்கப்பெறுகிறது. மழைக்காலத்தில் இங்கு ஈரக்காற்று மிகுதி. ஆதலால் வண்ணம் உரிந்த இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

இந்நகரில் கருணாமயிக்கு அருகில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்து வந்தது. தந்தை சிறுகச் சிறுகச் சேமித்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். மூன்று திங்களுக்குள் பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் வண்ணம் கொப்புளம் கண்டது. மட்கார்டின் உட்புறத்தில் வண்ணம் உரிந்து துரு தோன்றியது. டேங்கின் மேற்புறத்தில் மெல்லிய கீறல்களும் காணப்பட்டன.

"தெருமுனைக் கடையில் கொடுத்து வண்ணம் பூசிவிடலாம்" என்றார் தந்தை.

"வேண்டாம் அப்பா! பூசிவிட்டால் குறைக்குச் சான்று ஏது?" என்று மகள் தடுத்தாள்.

வண்டியின் தகட்டில் முதலில் அடிப்பூச்சும், அதன்மேல் வண்ணப்பூச்சும், இறுதியில் பளபளப்புத் தரும் தெளிபூச்சும் இடப்படும். தகட்டைத் தூய்மை செய்யாது பூசினால், உள்ளே தங்கிய எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ பின்னர்க் கொப்புளமாக வெளிப்படும். இஃது ஆக்கத்தில் நேர்ந்த குறை. தூசி படிந்த வண்டியின்மேல் உறையை இழுத்துப் போர்த்தினால் கீறல் விழும். இது பயன்படுத்துவோர் பிழை.

இருவரும் வண்டியைக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தனர். தந்தை முறையீட்டுக் கடிதம் எழுதினார். கீறல்களையும் அதில் சேர்த்தார்.

"அப்பா, கீறல்கள் நாம் உறை போர்த்தியதால் வந்தவை அல்லவா?" என்றாள் மகள்.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அவ்வரியை அடித்துவிட்டார்.

விற்பனை நிலையத்தார் முதலில், "இது மழைக்காற்றால் வந்தது" என்றனர். தந்தை சினம் கொள்ளவில்லை. பற்றுச்சீட்டையும் உத்தரவாதக் கையேட்டையும் படங்களையும் காட்டி, "தங்கள் மறுமொழியை எழுத்தில் தாருங்கள்" என்றார். அவர்கள் வண்டியை ஆராய்ந்தனர். மட்கார்டை மாற்றவும், டேங்கிற்குக் கட்டணமின்றி வண்ணம் பூசவும் இசைந்தனர். கீறல்களை மெருகிடும் செலவைத் தந்தையே ஏற்றார்.

அவர்கள் மறுத்திருந்தால் என் செய்வது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலில் 1986ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, ஒருவர் தாம் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளை வேற்றூரில் வாங்கியிருப்பினும் இது பொருந்தும். வழக்கிற்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடுதல் வேண்டும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிகாட்டுதலும் பெறலாம்.

உரிமையைக் கேட்பவர் உண்மையையும் காத்தல் வேண்டும்.

சொற்பொருள்
உவர்நீர் – உப்புநீர்
திங்கள் – மாதம்
முறையீடு – குறையை எடுத்துரைத்து நீதி கேட்டல்
இசைந்தனர் – உடன்பட்டனர்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: வண்ணப்பூச்சு, இந்நிலம், அவ்வரி.
2. ஆக்கக் குறைக்கும் பயன்படுத்துவோர் பிழைக்கும் பாடத்திலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.
3. தந்தை ஒரு வரியை அடித்தது ஏன்? அதனால் அவருக்கு நேர்ந்த இழப்பு யாது? அவர் செயல் சரியா? காரணம் கூறுக.
4. நீங்கள் வாங்கிய மிதிவண்டியில் வண்ணம் உரிந்துள்ளது. விற்பனை நிலையத்திற்கு முறையீட்டுக் கடிதம் எழுதுக.